ஓய்மாநாட்டார் கடல் கடந்தால் சீரியல் என்னாகும்? – ஓர் ஆராய்ச்சி

பிரிவுக்கு என்னென்ன காரணம் உண்டு என்று தொல்காப்பியர் பட்டியல் போட்டிருக்கிறார். படிக்கப் போவது, போருக்குப் போவது, தூது போவது, பொருள் தேடப் போவது. மகள் பிரசவத்துக்காக ஆறு மாதம் நியூ ஜெர்சி போவது அதில் இல்லை. தலைவன் பிரிந்தால் தலைவி என்ன செய்வாள் என்று அவருக்குத் தெரியும். உடன்போன மகளைத் தேடிச் செவிலி எப்படிப் புலம்புவாள் என்றும் தெரியும். அறுபத்து மூன்று வயதுப் பெண்மணி ஒருத்தி இரவு ஒன்பது மணி சீரியலைப் பிரிந்தால் அது எந்தத் திணை, என்ன துறை என்பதற்கு மட்டும் சூத்திரம் கிடையாது. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆய்வுக்களம் விழுப்புரமும் திண்டிவனமும். இந்தத் தேர்வுக்கு ஆய்வாளரின் சொந்த ஊர் என்பதைத் தவிர வேறு காரணமும் உண்டு. இன்று திண்டிவனத்துக்குள் ஒரு பகுதியாக அடங்கிப்போன ‘கிடங்கில்’ என்ற இடம், ஒரு காலத்தில் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர். அவனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை, 269 அடி. பரிசு வாங்கிவந்த பாணன், வாங்காத பாணனை வழியில் பார்த்து, இப்படிப் போ, இந்த ஊரைத் தாண்டு, இன்னது கிடைக்கும் என்று சொல்லிவிடுவது. நியூ ஜெர்சிப் பூங்கா பெஞ்சுகளில் ஊரிலிருந்து வந்த பெற்றோர்கள் இன்றைக்கு வேறென்ன பேசுகிறார்கள்? எந்த ஆப் இங்கே ஓடும், எதற்கு வி.பி.என். வேண்டும், யாருடைய மருமகன் அதைப் போட்டுக்கொடுப்பான் என்பதுதானே? ஆற்றுப்படை ஓய்மாநாட்டாரின் ரத்தத்தில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். விழுப்புரம் சந்திப்பிலிருந்து சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று ஐந்து பக்கம் ரயில் பாதை பிரிவதை ஐந்திணையோடு பொருத்தி ஒரு முனைவர் பட்டமே வாங்கலாம். அதை வேறு யாருக்காவது விட்டுவைக்கிறேன்.

இனி களப்பணி. தரவு தந்தவர் என் பெரியம்மா. திண்டிவனத்திலேயே ஒரு ஆப்புக்கு வருடச் சந்தா கட்டிவிட்டுத்தான் விமானம் ஏறினார். இறங்கிய மூன்றாம் நாள், தூக்கம் தெளிந்து, டேப்லெட்டைத் திறந்தார். இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது என்று வந்தது.

“பகுதின்னா இன்னாடா? பணம் கட்டினது நான்தான? நான் அதே ஆளுதான?”

அறிவியல் நோக்கில் இந்தக் கேள்விக்கு விடை எளிது. ஆப் ஆளைப் பார்ப்பதில்லை. இணைய இணைப்புக்கு ஓர் ஐ.பி. எண் உண்டு, எந்த எண் எந்த நாட்டில் புழங்குகிறது என்று அட்டவணை வைத்திருக்கிறார்கள். எண் அமெரிக்க எண் என்றால் பெரியம்மாவும் அமெரிக்கர். இந்தியாவுக்கு மட்டும் உரிமை வாங்கியவன் அமெரிக்காவில் காட்டினால், அமெரிக்க உரிமை வாங்கியவன் வழக்குப் போடுவான். நான் இதையெல்லாம் படம் வரைந்து விளக்கத் தயாரானபோது, பக்கத்து சோபாவில் இருந்த பெரியப்பா வீடியோ காலுக்குள் தலையை நீட்டி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

“ஏரியா மாறிட்டா பெட்டி வராதுடீ.”

பெரியப்பா ஒரு காலத்தில் விழுப்புரத்தில் சினிமா விநியோகஸ்தர் ஒருவரிடம் வேலை பார்த்தவர். படப்பெட்டியோடு கூடவே கொட்டகைக்குப் போய் டிக்கெட் கணக்குப் பார்க்கிற வேலை. இந்த ஆய்வின் மையக் கருத்து அவருடையதுதான். தமிழ் சினிமாக்காரர்கள் ஐ.பி. எண்ணைக் கனவிலும் காணாத காலத்திலேயே நாட்டைத் துண்டு போட்டு விற்றார்கள். வடஆற்காடு, தென்னாற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்தால் என்.எஸ்.சி. அதற்குள்தான் விழுப்புரமும் திண்டிவனமும். கோவை தனி, சேலம் தனி, மதுரை ராமநாதபுரம் தனி, திருச்சி தஞ்சாவூர் தனி. மலேசியா, சிங்கப்பூர் முதலான கடல் கடந்த தேசங்களெல்லாம் எஃப்.எம்.எஸ். என்ற மூன்றெழுத்துக்குள். சிதம்பரம் வரைக்கும் ஒருவர் படம். கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிச் சீர்காழியில் இறங்கினால் வேறொருவர் படம். 1993 செப்டம்பர் 30-ல் தென்னாற்காடு மாவட்டமே விழுப்புரம், கடலூர் என்று இரண்டாகிவிட்டது. சினிமா வியாபாரத்தில் மட்டும் அது சாகாமல் இருந்தது. ஒரே பெட்டியை இரண்டு கொட்டகைக்கு ஓட்டி, முதல் கொட்டகையில் முடிந்த ரீலை சைக்கிளில் கட்டி இரண்டாவது கொட்டகைக்கு அனுப்பிய கதைகளைப் பெரியப்பா சொன்னார். வழியில் சைக்கிள் பஞ்சரானால் இடைவேளை நீளும். பஃபரிங் என்பதன் தோற்றம் அங்கே.

டி.வி.டி. வந்தபோதும் இதே வேலைதான். உலகத்தை ஆறு மண்டலமாக வெட்டினார்கள். அமெரிக்கா 1, சிங்கப்பூர் 3, இந்தியா 5. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் ஒரே நாளில் இந்தியா உட்பட 130 நாடுகளில் கடை திறந்தபோது, சரி, வேலி ஒழிந்தது என்று நம்பியவர்கள் உண்டு. கடை ஒன்றுதான், உள்ளே அலமாரி நாட்டுக்கு நாடு வேறு. சொன்னபோது பெரியப்பா ஆச்சரியப்படவில்லை. என்.எஸ்.சி.யில் வளர்ந்தவரை இந்த விஷயத்தில் ஆச்சரியப்படுத்த முடியாது.

இங்கே வரலாற்றுக்குள் சற்று நுழைய வேண்டும். விழுப்புரத்தானுக்கு வெளிநாடு என்பது நாற்பது கிலோமீட்டரில் இருந்தது. 1879-லேயே புதுச்சேரிக்கு ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தால் பிரான்சில் இறங்கலாம், நடுவில் சுங்கச் சோதனை. 1908-ல் பாரதியார் அந்தப் பக்கம் போய், ‘இந்தியா’ பத்திரிகையை அங்கிருந்து நடத்தினார். அச்சடிக்கத் தடையில்லை, படிக்க ஆளும் இருந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வருவதற்குத்தான் தடை. 1910-ல் பத்திரிகை நின்றுபோனது. இந்த இதழ் உங்கள் பகுதியில் கிடைக்காது என்ற அறிவிப்பைத் தமிழில் முதன்முதலில் உணர்ந்தவர்கள் நம் பக்கத்துச் சந்தாதாரர்கள்தான் என்று இந்த ஆய்வாளர் நிறுவ விரும்புகிறார். 1954 அக்டோபர் 18-ல் கீழூரில் பிரெஞ்சு இந்தியாவின் 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்து, 170 பேர் இந்தியாவோடு இணையலாம் என்றார்கள்; நவம்பர் 1-ல் நிர்வாகம் கைமாறியது. எல்லைக்கோட்டின் கிறுக்கல் மட்டும் அப்படியே இருக்கிறது. விழுப்புரத்தில் பஸ் ஏறி வளவனூர் தாண்டி மதகடிப்பட்டு வந்தால் புதுச்சேரி, கண்டமங்கலம் வந்தால் மறுபடி தமிழ்நாடு, அரியூரில் மறுபடி புதுச்சேரி. நேரில் சோதித்தேன். சீரியல் ஓர் இடத்திலும் அறுபடவில்லை. ஆப்புக்குத் தெரியாத இந்த எல்லையை மதுக்கடைகள் மட்டும் அங்குலம் பிசகாமல் அறிந்து வைத்திருக்கின்றன.

ஐரோப்பியர்கள் இதில் கொஞ்சம் புத்திசாலிகள். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே ஒரு சட்டம்: பணம் கட்டிப் பார்ப்பவர் ஒன்றியத்துக்குள் வேறு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போனால், வீட்டில் பார்த்ததை அங்கும் பார்க்கலாம், கூடுதல் காசு கேட்கக் கூடாது. ஆக, பிரெஞ்சுப் படையில் இருந்த புதுச்சேரி சொல்தா ஒருவரின் பேரன் பாரிஸில் சந்தா கட்டிவிட்டு பெர்லினில் உட்கார்ந்து பார்க்கலாம். திண்டிவனத்தில் கட்டிய பெரியம்மாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆகவே வி.பி.என். மருமகன் போட்டுக்கொடுத்தார். நியூ ஜெர்சியில் இருப்பவரை இந்தியாவில் இருப்பதாகக் காட்டும் மாயக்கம்பளம் அது. இதிலும் ஒரு நுட்பம். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு, வி.பி.என். நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரங்களை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. சில நிறுவனங்கள் இங்கிருந்த கணினிகளை மூட்டை கட்டிவிட்டன. பிறகு இந்திய எண்ணைக் கொடுக்கும் கணினியைச் சிங்கப்பூரில் வைத்தார்கள். அதாவது, நியூ ஜெர்சியில் இருக்கும் திண்டிவனத்துக்காரர், தாம் இந்தியாவில் இருப்பதாகச் சொல்லச் சிங்கப்பூர் போய் வருகிறார். நல்லியக்கோடனைப் பார்க்கப் போன பாணன்கூட இவ்வளவு சுற்றவில்லை. துபாயில் இருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகள் இந்த ஆற்றுப்படையை நம்பி இறங்க வேண்டாம் என்று அடிக்குறிப்பாகச் சொல்லிவைக்கிறேன். முகவரியை மறைத்துக் குற்றம் செய்தால் அங்கே அபராதம் 5 லட்சம் திர்ஹாமில் தொடங்கி 20 லட்சம் வரை போகும்.

கம்பளத்தில் ஏறியதும் ஆப்புக்குச் சந்தேகம் வந்தது. புது இடத்திலிருந்து நுழைகிறீர்கள், ஓ.டி.பி. கொடுங்கள் என்றது. ஓ.டி.பி. போனதோ திண்டிவனத்துக்கு. ரோமிங் போட்டால் வீட்டை விற்க வேண்டிவரும் என்று பயந்து, பெரியம்மா தன் பட்டன் போனை எதிர்வீட்டம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தமிழர்கள் நாரையைத் தூது விட்டிருக்கிறார்கள், மேகத்தை விட்டிருக்கிறார்கள், நெல்லையும் புகையிலையையும்கூட விட்டிருக்கிறார்கள். ஓ.டி.பி. விடு தூதுக்கு மட்டும் இன்னும் புலவர் அமையவில்லை. அங்கே பகல் பதினொன்றரை, இங்கே இரவு ஒன்பது. (நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பி வைத்ததும் அது பத்தரை ஆயிற்று, இதற்குப் பெரியம்மா அமெரிக்க அரசை இன்னும் மன்னிக்கவில்லை.) கூப்பிட்டால் எதிர்வீட்டம்மாவும் அதே சீரியலில் இருப்பார்.

“இரு அக்கா, விளம்பரம் போடட்டும். ...ஐயோ, கண்ணாடி எங்க வெச்சேன்? ...நாலு, ஏழு, அது ஒண்ணா ஏழா தெரியல...”

ஓ.டி.பி.யின் ஆயுள் சில நிமிடம். கண்ணாடி தேடும் நேரம் எப்போதும் அதைவிடக் கொஞ்சம் கூடுதல். நாலைந்து நாள் இப்படிப் போனது. பிறகு, தேடும் இடைவெளியில் அன்றைய கதையை எதிர்வீட்டம்மா சொல்ல ஆரம்பித்தார். அடுத்த வாரம் பெரியம்மா ஓ.டி.பி. கேட்பதை நிறுத்திவிட்டார். கதைக்கு மட்டும் கூப்பிட்டார். வி.பி.என். சந்தாவை மருமகன் ரத்து செய்தார். தினமும் அரைமணி நேரம், முகபாவத்தோடு, விளம்பரம் இல்லாமல், எந்த ஏரியா உரிமையும் வாங்காமல் எதிர்வீட்டம்மா ஒளிபரப்பினார்.

ஜனவரியில் திரும்பி வந்தார்கள். போய்ப் பார்த்தபோது பெரியம்மா டி.வி. முன்னால் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டம்மா சொன்ன கதையில் தீபாவளிக்கு முன்பே லாரி மோதிச் செத்துப்போன வில்லி, திரையில் சௌக்கியமாகக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். கதாநாயகியின் தொலைந்துபோன தங்கையைக் காணவே காணோம். விசாரித்ததில், அப்படி ஒருத்தி சீரியலில் எப்போதுமே இருந்ததில்லை.

“எதிர்வீட்டம்மா நல்லா கதை விட்டிருக்காங்க போல, பெரியம்மா” என்றேன்.

“அவ சரியாத்தான் சொன்னா. நான் ஊர்ல இல்லாத நேரம் பாத்து டி.வி.காரன் மாத்திட்டான்டா” என்று ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார்.