வீணாகாமல் காக்கும் துறைக்கு ஒரு நன்றிக் கடிதம்

பெறுநர்: ஒரு சொட்டுத் தண்ணீரும் கடலில் வீணாகக் கலக்காமல் காத்தருளும் உயர்திரு துறையவர்கள்.

ஐயா,

என் மனு "முடித்து வைக்கப்பட்டது" என்று போன வாரம் செல்போனுக்குத் தகவல் வந்தது. தோட்டத்துக்கு மேற்கே ஓடையில் கிரஷர் தூளும் குவாரிக் கழிவும் ஆள் உயரத்துக்குக் கிடக்கிறது, அள்ளிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தேன். நேரில் போனால், பேரன் வயசுத் தம்பி ஒருவர் ஃபைலைப் புரட்டாமலே சொன்னார்: "அந்தத் தண்ணி எங்க போவுதுங்க பெரியவரே? கேரளா போயி வீணாக் கடல்லதான கலக்குது? அடைச்சுக் கெடந்தா நல்லதுதானுங்களே!" வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்துவிட்டு பஸ் ஏறினேன்.

யோசிக்க யோசிக்கத் துறையின் ஞானம் புல்லரிக்க வைக்கிறது. எங்கள் ஓடை கோரையாற்றில் சேரும். அது எல்லை தாண்டிக் கல்பாத்திப்புழையாகி, பாரதப்புழையில் விழுந்து, பொன்னானியில் கடலைத் தொடும். பாரதப்புழையின் வடிநிலம் 6,186 சதுர கிலோமீட்டர். அதில் 1,786 நம்ம பக்கம். இத்தனை நிலமும் காலங்காலமாக வீணாகியிருக்கிறதே! தண்ணீர் மட்டுமா? மணலும் வண்டலும் கூடவே போய்க் கடற்கரையைக் கட்டி வீணாச்சு. மட்கிய இலைதழையின் சத்து கழிமுகத்தில் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தீனியாகி வீணாச்சு. விலாங்கு ஆற்றில் வளர்ந்து, முட்டையிடக் கடலுக்குப் போய், அதன் குஞ்சுகள் மறுபடி ஆறேறி வந்து வீணாச்சு. அணைகளும் தடுப்பணைகளும் கட்டி அந்தப் போக்குவரத்தைக் குறைத்தது நல்லதுங்க. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற வேலைக்குத்தான் இப்போது ஆபீஸ்கள் இருக்கின்றனவே.

முன்னோர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. பரம்பிக்குளம் ஆழியாறு ஒப்பந்தத்தில், 1970-இல், மணக்கடவில் கேரளத்துச் சித்தூர்ப் பாசனத்துக்கு ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. என்று கணக்காக எழுதினார்கள். கடலுக்கென்று ஒரு சொட்டு எழுதவில்லை. என்ன முன்யோசனை!

ஆறு ஓசியில் சுமந்த மணலை நிறுத்தியாச்சு. இப்போது மலையை உடைத்து, எம்.சாண்டாக்கி, வேலந்தாவளம், கோபாலபுரம் வழியாக டிப்பரில் கேரளாவுக்கு அனுப்புகிறோம். அங்கே பொன்னானிக் கரையைக் கடல் தின்கிறது, கருங்கல்லைக் கொட்டிச் சுவர் போடுகிறார்கள். ஆறு கொண்டுபோனால் வீண், லாரி கொண்டுபோனால் வருமானம். எங்கள் ஊர்ப் பொன்மலை இன்னும் முழுசாக நிற்பதுகூட, வேலாயுதசாமி மேலே குடியிருக்கிற தைரியத்தில்தான். (எங்கள் சந்தையில் விலை விழுந்து தக்காளியை ரோட்டோரம் கொட்டும்போது மட்டும் 'வீண்' என்ற சொல் துறையினர் வாயில் வருவதே இல்லை.)

ஓடையை அடைத்தவன் யாரென்று ஊருக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். போகிற ஒவ்வொரு லோடுக்கும் நடைச்சீட்டு கேட்கிறீர்கள். கொட்டிய கழிவுக்கு எந்தச் சீட்டு கேட்டீர்கள்? மழை வந்தால் தண்ணீர் போக வழியில்லாமல் என் தென்னைக்கு வேர் அழுகுது. வராவிட்டால் போர்வெல்லில் காத்து வருது. கோடையில் ஆறு வற்றிய நேரம் பார்த்து அந்தப் பக்கம் கழிமுகத்தில் உப்புத்தண்ணி உள்ளே ஏறுது. உங்க வீட்டு வாசலில் ஒரே ஒரு லோடு கொட்டினால் சும்மா இருப்பீங்களா?

மன்னிக்கோணும். ரத்தக் கொதிப்பு மாத்திரை இன்னும் போடவில்லை. துறையின் பெருமைக்கே வருகிறேன்.

தாங்கள் கவனிக்காமல் விட்ட வீண் ஒன்று பாக்கி இருக்கிறதுங்க. ஜூன் பிறந்தால் கடல் தன் தண்ணீரையெல்லாம் மேகமாக்கி, பாலக்காட்டுக் கணவாய் வழியே அனுப்பி, நம்ம நிலத்தில் வீணாகக் கலக்கிறது. எந்த ஒப்பந்தமும் இல்லை, நடைச்சீட்டும் இல்லை. கணவாய் 30, 40 கிலோமீட்டர் அகலம்தான். குறுக்கே மலை உயரத்துக்கு ஒரு சுவர் எழுப்பிவிட்டால் தொல்லை தீர்ந்தது. டெண்டர் யாருக்கு என்பது இந்நேரம் முடிவாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
இன்னும் கடலில் கலக்காத தென்னை விவசாயி ஒருவன்,
கிணத்துக்கடவு.