ஆடிட் வருது, ஊசியை உடைங்க!

திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனிக்கு அடுத்த வாரம் சரக்கு வாங்கும் பையரின் ஆடிட் என்று மெயில் வந்தால் முதலில் உடைவது ஊசி.

தையல் மெஷினில் ஊசி உடைந்தால் அதன் துண்டுகள் அத்தனையையும் தேடி எடுக்க வேண்டும். தேதி, லைன் நம்பர், மெஷின் நம்பர் எழுதி, ரெஜிஸ்டரில் செலோடேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அந்தப் பண்டலை மெட்டல் டிடெக்டரில் விட்டுப் பார்க்க வேண்டும். எங்கோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட நல்ல விதி இது. ஆனால் ஆறு மாதமாக அந்த ரெஜிஸ்டரை யாரும் தொடவில்லை. ஊசி உடைந்தது, துண்டைத் தள்ளிவிட்டுப் புது ஊசி போட்டார்கள், கப்பல் ஏறிப் போய்விட்டது சரக்கு.

அதனால் என்ன? ஸ்டோரிலிருந்து புது ஊசி ஒரு டப்பா வரும். குவாலிட்டி பையன்கள் ராத்திரி உட்கார்ந்து பிளையரால் பட் பட்டென்று ஒடிப்பார்கள். ஜனவரியில் உடைந்தது, பிப்ரவரியில் உடைந்தது என்று வரிசையாக ஒட்டுவார்கள். நாலு கலர் பேனா, மூன்று பேர் கையெழுத்து. தொழில் தெரிந்தவர் ஒருவர் வந்து ரெஜிஸ்டர் மேல் கொஞ்சம் டீயைச் சிந்திவிட்டுப் போவார், பழசாகத் தெரிய வேண்டுமே! விடிவதற்குள் அரையாண்டுத் தரக் கட்டுப்பாடு முடிந்துவிடும். உடைந்த ஊசிக்குக் கணக்கில்லை, கணக்கில் இருப்பது உடைத்த ஊசி.

இதைத் திட்டமிட்டுச் செய்து கொடுக்கக் கன்சல்டன்ட் இருக்கிறார். செக்லிஸ்ட் அவருக்கு மனப்பாடம். அவர் வந்த மறுநாள் முதல் கம்பெனியில் அதிசயங்கள் நடக்கும். பவர் டேபிள்களில் கழற்றிப் போட்டிருந்த ஊசிக்காப்பு திரும்ப ஏறும். கட்டிங் மாஸ்டரின் இரும்புக் கையுறை, கவரைக்கூடப் பிரிக்காமல் பீரோவில் கிடந்தது, கைக்கு வரும். அதைப் போட்டுக்கொண்டு எப்படித் துணி வெட்டுவது என்று அவருக்கே தெரியாது. எமர்ஜென்சி வழியை அடைத்துக்கொண்டிருந்த அட்டைப்பெட்டிகள் ஒரு லாரியில் ஏறி இரண்டு நாள் ஊர் சுற்றப் போகும். முதலுதவிப் பெட்டிக்குள் பஞ்சும் டெட்டாலும் குடி வரும். முப்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. அந்த அறையின் பூட்டு திறக்கப்படும். உள்ளே பிளாஸ்டிக் உறை கழற்றாத பொம்மை, எந்தக் குழந்தையும் தூங்கியிராத தொட்டில். குழந்தை எங்கே என்று ஆடிட்டர் கேட்டால்? அதற்கும் ஆள் உண்டு, சூப்பர்வைசரின் அக்கா பேரன் அன்றைக்கு ஸ்கூலுக்கு லீவு.

கடைசியில் மனிதர்களைத் தயார் செய்ய வேண்டும். ஹெச்.ஆர். வந்து லைனில் நின்று பாடம் எடுப்பார்.

"ஓ.டி. பாக்கறீங்களான்னு கேட்டா என்ன சொல்லோணும்?"

"இல்லீங்க சார்."

"வாரத்துல லீவு எப்போ?"

"ஞாயித்துக்கெழமைங்க சார்."

"போன ஞாயித்துக்கெழமை எங்கம்மா இருந்தே?"

"இங்கதானுங்க சார்."

எல்லாரும் சிரித்துவிடுவார்கள். ஹெச்.ஆர். மட்டும் சிரிக்க மாட்டார். அந்த அம்மாவுக்கு ஆடிட் அன்றைக்கு லீவு. உண்மை பேசும் வியாதி உள்ளவர்களை வீட்டில் வைப்பதுதான் கன்சல்டன்டின் முதல் விதி. ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டம். அதனால் சம்பள ரெஜிஸ்டரும் இரட்டை: ஒன்று ஆடிட்டருக்கு, ஒன்று ஆண்டவனுக்கு.

வாசலில் 'தரமே எங்கள் தாரக மந்திரம்' என்று பெரிய போர்டு. தரக் கட்டுப்பாட்டின் ஆசான் என்று உலகம் கொண்டாடும் எட்வர்ட்ஸ் டெமிங், தொழிலாளியைப் பார்த்துக் கோஷம் போடாதே, தொழிற்சாலையிலிருந்து பயத்தை ஓட்டு என்று எழுதி வைத்தார். நாம் கோஷத்தை லேமினேட் செய்துகொண்டோம். பயத்துக்கு நிரந்தர வேலை போட்டுக் கொடுத்தோம்.

முதலாளியை மட்டும் திட்டிவிட்டு எழுந்து போக முடியாது. இந்த நாடகத்துக்கு டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர் பையர். அவருடைய கொள்முதல் டிபார்ட்மெண்ட் பீஸுக்கு இன்னும் நாலு சென்ட் குறை, இன்னும் பத்து நாள் முன்னால் அனுப்பு என்று கழுத்தைப் பிடிக்கும். அதே பையரின் இன்னொரு டிபார்ட்மெண்ட் ஓ.டி. ஏன் என்று செக்லிஸ்டோடு வரும். வருகிற ஆடிட்டருக்கு ஃபீஸ் கொடுப்பது பெரும்பாலும் ஆடிட் செய்யப்படுகிற கம்பெனியே. தேதி சொல்லிவிட்டு வந்து, ஒன்றிரண்டு நாளில் ஆயிரம் பேரின் வாழ்க்கையைப் பார்த்து முடித்து, ஃபிளைட்டைப் பிடிக்கிறார். சட்டைக்கு இருக்கிற மரியாதையைப் பாருங்கள். ஏ.க்யூ.எல். (ஏற்கத்தக்க தர அளவு) 2.5 கணக்கில் 2,000 பீஸ் லாட்டிலிருந்து 125 பீஸ் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எட்டில் குறை தெரிந்தால் மொத்த லாட்டும் ஃபெயில். அதைத் தைத்தவளுக்கு எத்தனை குறை வரை பாஸ் என்று எந்த அட்டவணையிலும் இல்லை.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இருந்தால் நன்றாக இருக்கும்.

கராச்சியின் பல்தியா டவுனில் அலி என்டர்பிரைசஸ் என்ற கார்மெண்ட் ஃபேக்டரி இருந்தது. 2012 ஆகஸ்டில் அதற்கு எஸ்.ஏ. 8000 சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளர் பாதுகாப்புக்கு உலகம் மதிக்கிற சான்றிதழ் அது. செப்டம்பர் 11 அன்று தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. 250 பேருக்கு மேல் செத்தார்கள். பணம் பறிக்க வந்தவர்கள் வைத்த தீ என்று பின்னாளில் நீதிமன்றம் சொன்னது. இருக்கட்டும். கம்பியையும் பூட்டையும் அவர்கள் போடவில்லையே! சான்றிதழ் கொடுத்தவர்கள் கண்ணில் அவை எப்படிப் படாமல் போயின?

ஏழே மாதத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் சாவரில் ராணா பிளாசா. முந்தின நாளே சுவரில் விரிசல். கீழ்த்தளத்து பேங்கும் கடைகளும் மூடிவிட்டன. கார்மெண்ட் தொழிலாளிகளை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள். 2013 ஏப்ரல் 24 அன்று கட்டடம் விழுந்து 1,134 பேர் செத்தார்கள். அங்கே இருந்த ஃபேக்டரிகளில் இரண்டு ஆடிட் முடித்தவை. கட்டடத்தின் உறுதியைப் பார்ப்பது எங்கள் வேலையில் சேராது என்றார்கள் ஆடிட் செய்தவர்கள். தூண் நிற்குமா என்பதைத் தவிர மற்றதையெல்லாம் பார்த்தார்களாம். அயோக்கியத்தனத்துக்கு இவ்வளவு சுத்தமான ஃபைல் வேறெங்கும் கிடைக்காது.

வேறு வழி இல்லை என்று யாரும் கைவிரிக்க வேண்டாம். திண்டுக்கல் பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் வேலை பார்த்த இளம்பெண் 2021 ஜனவரியில் கொல்லப்பட்டாள். அதன் பிறகு பெண்கள் தலைமையேற்ற தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. பெரிய பிராண்டுகளையும் சட்டப்படி கட்டுப்படுத்துகிற ஒப்பந்தம் அது. பாலியல் தொந்தரவைக் கண்காணித்துச் சொல்ல, லைனில் தைக்கிற பெண்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். தினமும் அங்கேயே இருக்கிறவர்களுக்கு முன்னால் யாரும் டீ சிந்தி ரெஜிஸ்டரைப் பழசாக்க முடியாது.

ஆடிட்டர் ஐயா, அம்மா, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். மெயில் போடாமல் வாருங்கள். ரெஜிஸ்டரைக் கடைசியில் பாருங்கள், முதலில் எமர்ஜென்சி கதவைத் தள்ளிப் பாருங்கள். தொழிலாளியிடம் ஹெச்.ஆர். ரூமில் பேசாமல், கம்பெனி பஸ் கொண்டுபோய் இறக்கிவிடுகிற ஊரில் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்தாலும் பரவாயில்லை. எல்லோரும் வேலையில்தான் இருப்பார்கள்.