பேராண்டிக்குக் காத்துல ஒரு வீடு

வாங்குடா பேராண்டி, தாராளமா வாங்கு. ஆனா பாண்டியில அபார்ட்மென்ட் வாங்க எங்கிட்டயா யோசனை கேக்கறது? நான் பாகூர் மண்ணுல பொறந்து பாகூர் மண்ணுலயே வீடு கட்டிக்கிட்டவன். நீ வாங்கப்போறது நாலாவது மாடி. காத்துல நிக்கிற வீட்டைப் பத்தித் தரையில உக்காந்திருக்கறவன் என்னத்தைச் சொல்ல? சரி, கேட்டுட்டே. எண்பது தாண்டின கிழவனைப் பேச வெக்கிறது சுலபம், நிறுத்தறதுதான் கஷ்டம்.

மொதல்ல நீ யாருன்னு தெரிஞ்சுக்கோ. நீ வெளிநாட்டுக்காரன். மொறைக்காதே, நான் சொல்லலை, உன் பாஸ்போர்ட் சொல்லுது. 1954 நவம்பர் 1ந்தேதி பிரெஞ்சுக்காரன் நிர்வாகத்தை நம்மகிட்ட விட்டுட்டான். 1956 மே 28ல ஒப்பந்தம் எழுதினாங்க. அதுக்கு அவங்க பாராளுமன்றம் தலையாட்ட ஆறு வருஷம் ஆச்சு. 1962 ஆகஸ்ட் 16ந்தேதிதான் ஊரு சட்டப்படி இந்தியாவுக்கு வந்துது. பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும்கறவன் ஆறு மாசத்துக்குள்ள எழுதிக் கொடுக்கலாம்னாங்க. உன் அப்பனைப் பெத்தவரு, என் சம்பந்தி, இந்தோசீனா வரைக்கும் போயிட்டு வந்த சொல்தா, அதான் பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாய். எழுதிக் கொடுத்துட்டாரு. அதுக்கப்புறம் சொல்தா வீட்டு மாப்பிள்ளைன்னா ஊர்ல ஏக கிராக்கி. அந்தக் கிராக்கியில நானும் போட்டி போட்டு, ஒரு துண்டு வயலை வித்து, உங்கம்மாவைக் கட்டிக் கொடுத்தேன்.

ஆக, ஒரு தாத்தன் போட்ட கையெழுத்துல பேரன் அசலூரானாயிட்டே. ஆனா சர்க்காரு பின்வாசல் ஒண்ணு தொறந்து வெச்சிருக்கு. அதான் ஓசிஐ அட்டை. 1947 ஆகஸ்ட் 15க்கு அப்புறம் இந்தியாவுல சேர்ந்த பகுதியைச் சேர்ந்தவனுக்கும், அவன் புள்ளை, பேரன், கொள்ளுப்பேரனுக்கும் அது உண்டுன்னு எழுதியிருக்கு. நம்ம ஊரை நெனைச்சே எழுதினாப்புல! அட்டை இருந்தா வீடு வாங்கலாம், கடை வாங்கலாம், எத்தனைன்னு கணக்கில்லை. அட்டை இல்லாத அசல் வெள்ளைக்காரன் பாரிஸ்ல உக்காந்துக்கிட்டு இங்க வீடு வாங்க முடியாது. அஞ்சு வருஷத்துக்கு மிகாம குத்தகைக்கு வேணா எடுத்துக்கலாம்.

உன் பொண்டாட்டி வெள்ளைக்காரிதானே? கல்யாணத்தைப் பதிவு பண்ணி, விடாம ரெண்டு வருஷமாவது குடித்தனம் நடந்திருந்தா, உன்னோட சேர்ந்து ஒரே ஒரு வீட்டுல அவளும் பேர் போட்டுக்கலாம். அதனால பத்திரம் முடியற வரைக்குமாவது சண்டை போடாம இரு. ரிசர்வ் பேங்கு வரைக்கும் உங்க தாம்பத்தியத்துல அக்கறையா இருக்காங்க பாரு.

பணத்தை யூரோ நோட்டா சூட்கேஸ்ல கொண்டாந்து கொட்டலாம்னு கனவு காணாதே. பேங்க் வழியா வரணும். இல்லேன்னா உன் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குலேருந்து போகணும். விக்கிறவன், "பாதி வெள்ளையா, பாதி கறுப்பா வெச்சுக்கலாமா?"ன்னு காதைக் கடிப்பான். கோவப்படாதே. "நாளைக்கு வித்துட்டுப் பணத்தை பிரான்ஸ் கொண்டுபோறப்போ, கறுப்புப் பாதிக்குச் சாட்சி சொல்ல நீங்க பேங்குக்கு வருவீங்களா?"ன்னு மரியாதையா கேளு. அப்புறம் அவன் உன் காதுப் பக்கமே வரமாட்டான்.

அடுத்தது, பாண்டின்னா எந்தப் பாண்டி? விளம்பரத்துல "பாண்டிச்சேரியில் கடலோரம்"னு போட்டிருப்பான். போய் நின்னா கோட்டக்குப்பம். இல்லேன்னா பட்டானூர். ரெண்டும் விழுப்புரம் மாவட்டம். நம்ம ஊரு எல்லை கிழவன் வாய்ப் பல்லு மாதிரி, இங்க ஒண்ணு அங்க ஒண்ணா நிக்கும். தெருவுக்கு இந்தப் பக்கம் புதுச்சேரி, அந்தப் பக்கம் தமிழ்நாடு. பதிவாபீஸ் வேற, முத்திரைக் கட்டணம் வேற, கட்டட அனுமதி கொடுக்கற இடம் வேற. கடற்கரை நெனைப்புல கையெழுத்துப் போட்டுட்டு, வானூர் பதிவாபீஸ்ல போய் முழிக்காதே.

கடல் தெரியற வீடுதான் வேணும்னு அடம் பிடிப்பே. நல்லாத் தெரியும். கடலும் உன் வீட்டைப் பாக்கும், உப்புக்காத்து கம்பியைத் தின்னுட்டே பாக்கும். சமயத்துல குழாயைத் தொறந்தாலும் கடல்தான் வரும். அதனால எதுத்தாப்புல இருக்கற காட்சியை விட்டுட்டு, போர்த் தண்ணியை ஒரு மடக்கு வாயில ஊத்திப் பாரு.

அளவு சொல்றப்போ ஆயிரத்து இருநூறு சதுர அடிம்பான். அதுல மாடிப்படி, லிஃப்ட், வாட்ச்மேன் தூங்கற எடம் எல்லாம் இருக்கும். நீ தூங்கற எடம் எவ்வளவுன்னு கேளு. கார்ப்பெட் ஏரியாவைச் சொல்லித்தான் விக்கணும்னு 2016 ரெரா சட்டம் சொல்லுது. மனை 500 சதுர மீட்டருக்கு மேலயோ, வீடு எட்டுக்கு மேலயோ இருந்தா அதுல பதிவு பண்ணியிருக்கணும். உங்கிட்ட வாங்கற பணத்துல நூத்துக்கு எழுபதை, அந்தக் கட்டடத்துக்குன்னே தனி பேங்க் கணக்குல போடணும். பதிவு நம்பரைக் கேட்டதும் பில்டர் காப்பி வாங்கியாரச் சொல்வான். காப்பியைக் குடிச்சுட்டு மறுபடியும் கேளு. அப்படியே பிரிபடாத பாகம் எத்தனை சதுர அடின்னும் கேட்டுக்கோ. கட்டடம் ஒருநாள் இடிஞ்சா உனக்கு மிஞ்சறது அந்தத் துண்டு மண்ணுதான்.

பத்திரம் பாக்கறதுக்கு மட்டும் சோம்பல் படாதே. இந்த ஊர்ல காமாட்சியம்மன் கோயில் நிலத்துக்கே போலிப் பத்திரம் தயார் பண்ணிட்டாங்கன்னு வழக்காகி, ஆளுங்க கைதானாங்க. ஊர்ல குடியிருக்கற அம்மனுக்கே அந்தக் கதின்னா, வருஷத்துக்கு ஒருதரம் வந்து மீன் கொழம்பு சாப்பிட்டுப் போற உனக்கு? வில்லங்கச் சான்று வாங்கு, மூலப்பத்திரத்தை வக்கீல் கையில கொடு. பவர் எழுதறதா இருந்தா, "இந்த வீட்டை என் பேருக்கு வாங்க மட்டும்"னு எழுது. "என் சார்பில் சகல காரியங்களும்"னு எழுதினா, சகலமும் நடந்து முடிஞ்சுதான் உனக்குத் தெரியும்.

இப்போ உன் மனசுல ஓடறது எனக்குத் தெரியும். "எதுக்கு இத்தனை பாடு, தாத்தா வயலையே வாங்கிட்டா?" முடியாதுடா கண்ணு. ஓசிஐக்காரன் விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு எதையும் காசு கொடுத்து வாங்கக் கூடாது. பேரன்தானேன்னு நான் தானமா எழுதிக் கொடுத்தாலும் செல்லாது. அது உங்கைக்கு வர ஒரே வழிதான் இருக்கு, வாரிசு வழி. அதுக்கு நான் சாகணும். நீ கொஞ்ச நாளா போன் பண்றப்பல்லாம் மொதக் கேள்வியா என் உடம்பைப் பத்தி விசாரிக்கறது அந்தச் சட்டத்தைப் படிச்ச பிற்பாடுதானோன்னு எனக்கொரு சந்தேகம்.

அப்படி ஏதாவது கணக்கு இருந்தா, உன் பிரான்ஸ்லயே நடந்ததைக் கேட்டுக்கோ. ஆர்ல்னு ஒரு ஊரு. அங்க ழான் கல்மான்னு ஒரு கிழவி. 1965ல, தொண்ணூறு வயசுல, தன் அபார்ட்மென்டை ரஃப்ரேங்கற பத்திரம் எழுதற நொத்தேருக்கு எழுதிக் கொடுத்தா. அவ இருக்கற வரைக்கும் மாசம் 2,500 பிராங்க் அவன் கொடுக்கணும், அவ போனதும் வீடு அவனுக்கு. நாற்பத்தேழு வயசுக்காரன், நல்ல பேரம்னு சிரிச்சிருப்பான். 1995ல அவன்தான் போனான். பொண்டாட்டி தொடர்ந்து பணம் கட்டினா. கிழவி 1997ல, 122 வயசுல சாவகாசமா போனா.

அந்த மனுசனாவது மாசாமாசம் பணம் கொடுத்தான். நீ போன்ல நலம் விசாரிக்கறதோட சரி. அதனால வயலை மறந்துட்டு அபார்ட்மென்டையே வாங்கு. லிஃப்ட் நல்லா ஓடுதா, கரண்டு போனா ஜெனரேட்டர் இருக்கான்னு மட்டும் பாத்துக்கோ. 122 வயசுல உன் வீட்டுக்கு விருந்தாட வர்றப்போ, நாலு மாடி படியேற எனக்கு முடியாது.