உண்டியல் சாமி பேர்ல, சாவி உங்க இடுப்புல

வாங்க மாப்ள, இப்படி உக்காருங்க. நேத்து ஒண்டிக்கடை பக்கம் டீ குடிச்சுக்கிட்டே பெருமையாச் சொன்னீங்களாமே, "எங்க வீட்டுல அவளுக்குப் போனெல்லாம் தெரியாது, பேங்க் சமாச்சாரம் மொத்தமும் நான்தான்"னு? காது குளுந்து போச்சுங்க. உங்களை மாதிரி பொறுப்பான ஆளு ஏற்காட்டுல வேற யாரு இருக்கா?

காஞ்சிபுரத்துல இருந்து கிளம்பின அண்ணன் தம்பி மூணு பேருல பெரியண்ணன்தான் இந்தச் சேர்வராயன் மலைக்கு ஏறி வந்தாருன்னு நம்ம வம்சக் கதை. மகளிர் உரிமைத்தொகையும் அதே காஞ்சிபுரத்துலதான் 2023 செப்டம்பர் 15 அன்னிக்குத் தொடங்குச்சு. மாசம் 1000 ரூவா. பெரியண்ணன் காடு மேடு தாண்டி வந்தாரு. காசு கண்ணிமைக்கற நேரத்துல இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிருச்சு. ஏறி நேரா எங்க வந்து நின்னுச்சு? உங்க சட்டைப் பையில!

கணக்கு அவ பேர்ல. ஆதார் அவளுது. கையெழுத்தும் அவளுது. சேத்து வெச்ச போன் நம்பர் மட்டும் உங்களுது. ரகசிய எண் நீங்க பொறந்த வருசமாம். உண்டியல் சாமி பேர்ல, சாவி தர்மகர்த்தா இடுப்புல. நல்ல ஏற்பாடுதான், சாமி கணக்குக் கேக்காத வரைக்கும்.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 நோட்டு செல்லாதுன்னு சொன்னாங்களே, அன்னிக்கு உங்க அத்தை மிளகு டப்பாவைக் கவுத்தா. விரல் தண்டிக்குச் சுருட்டின நோட்டுங்க, மிளகு நெடியோட உருண்டு வந்துச்சு. தினமும் ரசத்துக்கு அந்த டப்பாவுல இருந்துதான் மிளகு அள்ளிக் குடுத்தா, நானும் சப்புக்கொட்டிக் குடிச்சேன். காப்பி விலை விழுந்த வருசத்துல ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காசு எங்கிருந்து மொளைச்சுதுன்னு அப்பத்தான் வெளங்குச்சு.

சிறுவாட்டுக்குக் காவலே புருசன் கண்ணுல படாம இருக்கறதுதானுங்க. இப்ப அவ 50 ரூவா எடுத்தாலும் உங்க பாக்கெட்டுல மணி அடிக்குது. "காசு விழுந்த அன்னிக்கே மொத்தமா எடுத்துக் குடுத்துருங்க"ன்னு அவ ஏன் நச்சரிக்கறான்னு நினைச்சீங்க? போன் தெரியாததாலயா? உங்களை நல்லாத் தெரிஞ்சதால!

மகளிர் குழு 1989-ல தர்மபுரியில ஆரம்பிச்சு, கொஞ்ச வருசத்துல நம்ம சேலம் ஜில்லாவுக்கும் வந்துச்சு. உங்க ஊர்க் குழுவுல கணக்கு நோட்டு எழுதறது யாருங்க? யார் தவணை பாக்கி, எத்தனை வட்டின்னு நோட்டைத் தொறக்காம ஒப்பிப்பா. அவளுக்குத் தெரியாதாம்! டீக்கடையில காசு வந்துச்சுன்னு டப்பா கத்துதே, அதுவும் பொம்பளைக் குரல்தான். அதை மட்டும் நம்பறீங்க.

"பரிசு விழுந்திருக்கு, பின் நம்பர் அடிச்சா வந்து சேரும்"னு எவனோ சொன்னதும் அடிச்சது யாரு மாப்ள? அவ இல்லீங்களே! பணம் குடுக்கத்தான் பின் வேணும், வாங்க வேண்டாம். ஏமாந்தா உடனே 1930-க்குப் போன் போடணும், மூணு நாளு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டுத் திரியக் கூடாது. இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்ததே உங்க வீட்டம்மாதான்.

அதனால ஒண்ணு பண்ணுங்க. அவ பேர்ல ஒரு சிம் வாங்குங்க. அவளையும் பேங்குக்குக் கூட்டிட்டுப் போயி, கணக்குல அந்த நம்பரை ஏத்தச் சொல்லுங்க. பட்டன் போனா இருந்தாலும் பரவால்ல, 2022-ல இருந்து அதுலயும் பணம் அனுப்ப வழி வந்தாச்சு. அவ பின் போடறப்ப மட்டும் நீங்க பகோடா பாயின்ட் பக்கம் திரும்பி நின்னு இயற்கைய ரசிங்க.

இன்னொரு சங்கதியும் உண்டு. யூபிஐ சர்க்கிள்னு 2024-ல கொண்டு வந்தாங்க. ஒருத்தர் கணக்குல இருந்து வீட்டாள் இன்னொருத்தர் செலவு பண்ணிக்கலாம். ஒவ்வொரு தடவையும் கணக்குக்காரர் சம்மதிச்சாத்தான் காசு போகும்னும் வெச்சுக்கலாம். இதுக்குப் பட்டன் போன் பத்தாது, அவ கையில ஸ்மார்ட் போன் வந்ததும் அவ கணக்குல உங்களையும் சேத்துக்கச் சொல்லிக் கேளுங்க. பீடிக்கட்டு வாங்கறதுன்னாலும் அவ சரின்னு சொல்லணும், "எதுக்கு?"ன்னு ஒரு வார்த்தை கேப்பா.

என்னங்க மாப்ள, மூஞ்சி சுருங்குது? கண்ணாலம் ஆன நாள்ல இருந்து அவ உங்ககிட்ட அப்படித்தானுங்களே கேட்டு வாங்கறா?