ஏரியை மறைத்து ஏரி வரைதல்

லால்பேட்டைக்கு வெளியே, வீராணம் ஏரிக்கரைக்குக் கீழே, போன போகம் வரை நெல் விளைந்த நஞ்சையில் இப்போது வெள்ளைக் கற்கள் முளைத்திருக்கின்றன. சுற்றுச்சுவர் எழும்பிவிட்டது. தெருவும் சாக்கடையும் வரைபடத்தில் பத்திரமாக இருக்கின்றன. சுவருக்கு முன்னால் நிற்பவர்களில் ஒருவர் சிதம்பரத்துப் புரோமோட்டர். கறுப்புக் கண்ணாடி, கையில் சுருட்டிய வரைபடம். இன்னொருவர் உள்ளூர்ப் பெயின்டர் பாய். ஃபிளெக்ஸ் வருவதற்கு முன்பு இந்தப் பக்கத்துக் கடைப் பலகையெல்லாம் அவர் கையெழுத்துதான். நடுவில் புகுந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு உத்தேசமில்லை. நான் யார் பக்கம் என்பது போகப் போகத் தெரிந்துவிடும்.

புரோமோட்டர்: பாய், சுவர் நூறடி. முழுக்க ஒரே படம். ஏரி, சூரிய உதயம், நாலஞ்சு நாரை. மனை பார்க்க வர்றவன் கார்லேர்ந்து இறங்குனதும் அசந்து நிக்கணும்.

பெயின்டர்: ஏரி இந்தச் சுவருக்கு அந்தாண்டதானே தம்பி இருக்கு?

புரோமோட்டர்: அதனாலதானே ‘லேக் வியூ’ன்னு பேரு வச்சிருக்கோம்.

பெயின்டர்: சுவரை எழுப்பாம விட்டிருந்தா கரையாவது தெரிஞ்சிருக்கும். பெயின்ட் செலவும் மிச்சம்.

புரோமோட்டர்: கரையில எருமை மேயுது பாய். படத்துல மேயாது. இதுக்குப் பேரு பப்ளிக் ஆர்ட். சென்னையில கண்ணகி நகர் கேள்விப்பட்டதில்லையா? 2020-ல ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன், மாநகராட்சி, ஏசியன் பெயின்ட்ஸ் எல்லாம் சேர்ந்து குடியிருப்புச் சுவரு பூரா வரைஞ்சு தள்ளிட்டாங்க. வெளிநாட்டு ஆர்ட்டிஸ்ட்டெல்லாம் வந்தாங்க. அதுக்கும் முன்னாடியே டெல்லி லோதி காலனியில, கவர்மென்ட் குவார்ட்டர்ஸ் சுவத்துல வரைஞ்சிருக்காங்க. இப்ப அதைப் பார்க்கவே டூரிஸ்ட் வர்றான்.

பெயின்டர்: கண்ணகி நகர் தெரியும். ஆத்தங்கரையில குடிசை போட்டிருந்த ஜனங்களை 2000-லேர்ந்து கொண்டுபோய் அங்க விட்டாங்க. சுனாமிக்கு அப்புறம் கடலோரத்து ஆளுங்களையும் விட்டாங்க. வீடு அங்க வந்துடுச்சு, வேலை பழைய இடத்துலயே நின்னுபோச்சு. கண்ணகி நகர்னு சொன்னா வேலைக்கு எடுக்க மாட்டாங்கன்னு வேற அட்ரஸ் சொன்ன பிள்ளைங்க உண்டு. படம் வர்றதுக்கு இருபது வருஷம் ஆச்சு.

புரோமோட்டர்: லேட்டா வந்தாலும் வந்துதா இல்லையா? கெட்ட பேரு போச்சா இல்லையா?

பெயின்டர்: கொஞ்சம் போச்சு, இல்லேங்கல. ஏ-கில்னு மெட்ராஸ் ஆர்ட்டிஸ்ட் ஒருத்தரு, அந்த நகர்ப் பிள்ளைங்க முகத்தையே அம்மாம் பெருசா சுவத்துல ஏத்தினாரு. தன் தெருப் பிள்ளை சுவத்துல சிரிச்சா யாருக்குத்தான் பிடிக்காது? நீங்க நாரையைச் சிரிக்க வைக்கச் சொல்றீங்க.

புரோமோட்டர்: நாரையும் லோக்கல்தானே பாய்.

பெயின்டர்: ஏரியில தண்ணி கிடந்தா வரும். 2004-லேர்ந்து இந்தத் தண்ணி 200 கிலோமீட்டருக்கு மேல குழாயில மெட்ராஸ் போகுது. இங்கேர்ந்து தண்ணி போகுது, அங்கேர்ந்து படம் வருது. கணக்கு நேராத்தான் இருக்கு.

புரோமோட்டர்: பாய், நான் வித்தாகணும். பேரும் தோற்றமும்தான் யாவாரம். குடிசை மாற்று வாரியத்துக்கே 2021-ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாத்திட்டாங்க, பார்த்தீங்களா?

பெயின்டர்: பார்த்தேன். பேரு மாத்துறது பெயின்ட் அடிக்கிறதைவிட மலிவு. சாரம் கட்ட வேணாம் பாருங்க.

(இங்கே பாய் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துச் சுவரின் அடிப்பக்கத்தைக் கீறினார். மாவு போல வெள்ளைப் பொடி உதிர்ந்தது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் புரோமோட்டரிடமும் நீட்டினார். அவர் கண்ணாடியைக் கழற்றாமலே பின்வாங்கினார்.)

பெயின்டர்: உப்புப் பூத்திருக்கு. ஏரி ஓதம் கீழேர்ந்து ஏறுது. சுவரும் இன்னும் பச்சை. இது மேல எவ்வளவு ஒசத்தி எமல்ஷன் அடிச்சாலும் அடுத்த மழைக்கு அப்பளம் மாதிரி உப்பிக்கிட்டு வரும். சூரியன் முதல்ல உதிரும். நாரை மேல இருக்கறதால கொஞ்ச நாள் தாங்கும்.

புரோமோட்டர்: அதுக்குள்ள மனை வித்துரும்.

பெயின்டர்: சிங்கப்பூர்ல தோ பாயோ பக்கம் கயித்துல தொங்கி வேலை பார்த்தவன் நான். அங்க வீடமைப்பு வாரியத்துப் பிளாக்குங்களுக்கு அஞ்சாறு வருஷத்துக்கு ஒருக்கா மறுபடி பெயின்ட் அடிச்சே ஆகணும். அந்தக் காசு மாசா மாசம் வாங்குற பராமரிப்புப் பணத்துலயே சேர்ந்துடும். உங்க படத்துக்கு ரெண்டாவது கோட்டிங் யாரு பொறுப்பு?

புரோமோட்டர்: குடியிருப்போர் நலச் சங்கம்.

பெயின்டர்: குடியே வரலியே.

புரோமோட்டர்: வருவாங்க. சிங்கப்பூர்ல படமே கிடையாதா?

பெயின்டர்: இருக்கு. தோ பாயோவுல 1979-ல டிராகன் ஒண்ணு கட்டினான். சிமென்ட்ல தலை, மேல ஓட்டுச்சில்லு பதிச்சது. பிள்ளைங்க வால் பக்கம் ஏறி, சறுக்கி மணல்ல வந்து விழும். இப்பவும் நிக்குது. அப்புறம் சுவத்துல பிளாக் நம்பர், ஆளைவிடப் பெருசு. ராத்திரி வேலை முடிஞ்சு தூக்கக் கலக்கத்துல வர்றவனுக்கு அதைவிட நல்ல படம் ஏது?

புரோமோட்டர்: நம்பர்ல என்ன பாய் கிளாஸ் இருக்கு? சரி, நாரை வேணாம்னா வேற சொல்லுங்க.

பெயின்டர்: உருவம் எனக்குப் பழக்கமில்ல. எழுத்து, கொடி, பூ, இவ்வளவுதான். பக்கத்துல கொடிக்கால் இருக்கு. நூறடிக்கும் வெத்தலைக் கொடி ஓட்டித் தரேன். இலைக்கு இலை பச்சை மாறும். இளங்கொழுந்து ஒரு பச்சை, முத்தல் ஒரு பச்சை.

புரோமோட்டர்: வெத்தலையா? என்.ஆர்.ஐ. பார்ட்டிக்கு வெத்தலை காட்டவா?

பெயின்டர்: மணி பிளான்ட்னு சொல்லிக்குங்க. இலை ஒரே சாயல்தான்.

(புரோமோட்டர் இதைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.)

புரோமோட்டர்: சரி, சுவரு உங்க இஷ்டம். பார்க்ல மட்டும் நான் விட்டுக் கொடுக்க மாட்டேன். எட்டடிக் குதிரை, மேல வந்தியத்தேவன். பொன்னியின் செல்வன் இந்தக் கரையிலதானே தொடங்குது? சினிமா வந்ததிலேர்ந்து மவுசு ஏறிக்கிடக்கு.

பெயின்டர்: பார்க்கா? ரெண்டரை ஏக்கருக்கு மேல மனை போட்டா ரோடு போக பத்துல ஒரு பங்கை ஊர் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுக்கணுமே, அந்த இடமா?

புரோமோட்டர்: அதேதான். எழுதிக் கொடுக்கிற இடத்துல மரம் வச்சாலும் ஒண்ணுதான், குதிரை வச்சாலும் ஒண்ணுதான். குதிரைக்குத் தண்ணி ஊத்த வேணாம்.

பெயின்டர்: பொது இடத்துல சிலை வைக்கக் கூடாதுன்னு 2013-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கே.

புரோமோட்டர்: சிலைன்னு யாரு சொன்னா? இது இன்ஸ்டலேஷன்.

பெயின்டர்: ஓ. தானே புயல் மாதிரி இன்னொண்ணு அடிச்சா டீஇன்ஸ்டலேஷன். பரவாயில்ல. ஆனா கதை தொடங்குறது ஆடிப்பெருக்குல, ஏரி ததும்பிக்கிட்டு நிக்கிறப்போ. அவன் கரை மேல போறான் தம்பி. நீங்க அவனைக் கரைக்குக் கீழ நிறுத்துறீங்க.

புரோமோட்டர்: அதனால என்ன?

பெயின்டர்: 2015 மழையில இந்த வயல்ல எவ்வளவு தண்ணி நின்னுச்சுன்னு உங்களுக்குத் தெரியாது. நான் பார்த்தேன், என் மார் மட்டம். இந்தச் சுவத்துல அந்த மட்டத்துக்கு நூறடிக்கும் நீலத்துல ஒரு கோடு இழுக்கறேன். ‘2015 தண்ணி இது வரை’ன்னு நல்ல கட்டெழுத்துல எழுதறேன். அதுக்கு மேல வெத்தலைக் கொடி. காசே வேணாம்.

புரோமோட்டர்: பாய்! யாவாரத்துல மண்ணள்ளிப் போடாதீங்க!

பெயின்டர்: மண்ணு நீங்கதான் அள்ளிப் போடணும், லோடு லோடா, அந்தக் கோட்டு மட்டத்துக்கு. மனை உசந்துட்டா கோடு தானா மறைஞ்சுடும்.

புரோமோட்டர்: எத்தனை லோடு தெரியுமா? நடக்கிற கதையா? கோடு வேணாம், கொடியும் வேணாம். ஃபிளெக்ஸ் அடிச்சு ஒட்டிக்கறேன். குதிரைக்கு ஏற்கெனவே ஆர்டர் கொடுத்தாச்சு.

பெயின்டர்: கல்லா, சிமென்ட்டா?

புரோமோட்டர்: ஃபைபர். உள்ள காலி. தூக்குறது சுலபம்.

பெயின்டர்: அப்ப தாராளமா வைங்க தம்பி. மிதக்கும்.