நமத்துப் போன சக்கரம்

வாடா பேராண்டி, உக்காரு. என்ன, கையில சட்டியோட கேதம் சொல்ல வந்தவன் மாதிரி நிக்கிற? காட்டு பாப்போம். அடடே, மதுரையில எரநூத்தம்பது ரூவா குடுத்து வாங்குனியே, அந்த ஹவோர்த்தியாவா? வந்த அன்னைக்குப் பாத்தேன். பச்சை இலையில வெள்ளை வெள்ளையாக் கோடு போட்டுக்கிட்டு, சுத்திக்கிட்டிருந்த தரைச்சக்கரம் அப்படியே உறைஞ்சு நின்ன மாதிரி அம்சமா இருந்துச்சு. இப்ப நமத்துப் போன சக்கரமாக் கெடக்கே!

இலையத் தொடு. வெந்த வெங்காயம் மாதிரி கையோட வருதா? சட்டியக் கவுத்து மோந்து பாரு. ஏன் மூக்கப் பொத்துற? வேரு அழுகிப் போச்சுடா. "தெனமும் தண்ணி ஊத்துனேனே தாத்தா"ங்கிற. அதான் வெனை. நம்ம சிவகாசியில அச்சடிக்கிற காலண்டர்ல தெனம் ஒரு தாளக் கிழிக்கிற மாதிரி, தெனம் ஒரு செம்பு. சட்டிக்கு அடியில ஓட்டை இருக்கா? இல்ல. வித்தவனும் சொல்லல, நீயும் கேக்கல. நல்லவேளை நீ பயராபீஸ் வேலைக்குப் போகல. வெடிமருந்துக்குத் தாகம் எடுக்குமேன்னு அதுலயும் ரெண்டு செம்பு ஊத்தியிருப்ப.

ஊரு பொழச்ச கதை தெரியுமா உனக்கு? அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-ல கல்கத்தாவுக்குப் போயி தீப்பெட்டித் தொழிலக் கத்துக்கிட்டு வந்து, மறுவருசம் இங்க ஆரம்பிச்சாங்க. மழை கம்மி, கரிசக் காட்ட நம்புனா வாயில மண்ணு. அந்த வறட்சியவே மொதலாப் போட்டாங்க. முக்குன குச்சி காயணும், ஒட்டுன தாளு காயணும், அடைச்ச மருந்து காயணும். வானம் குடுக்காததுல வயிறு கழுவுன ஊருடா இது. இங்க பொறந்துட்டு, காஞ்சு கெடந்தாப் பொழைக்கிற செடியத் தண்ணியில முக்கிக் கொன்னுட்டியே!

அதுக்குச் சொந்த ஊரு தென்னாப்பிரிக்கா. புதரடியில பதுங்கிக் கெடக்கிற சாதி. இலைதான் அதுக்குத் தண்ணித் தொட்டி. பகல்ல வாயத் தொறந்தா ஈரம் ஆவியாப் போயிரும்னு, ராத்திரிக் குளுமையிலதான் இலைத் துவாரத்தத் தொறந்து காத்து வாங்கும். சிக்கனத்துல விருதுநகர் பருப்பு யாவாரியே அதுகிட்டப் பாடம் படிக்கணும்.

வாசப்படிக்கு மேல பாரு. உங்க அப்பத்தா கண்ணேறு படக்கூடாதுன்னு கட்டுன சோத்துக்கத்தாழை தலைகீழாத் தொங்குதுல்ல? மண்ணு இல்ல, தண்ணி இல்ல, மாசக்கணக்காச்சு. நுனிய மட்டும் மேல வளச்சுக்கிட்டு நம்மள மொறைக்குது. சீமையிலயும் இந்தக் கூத்து உண்டு. 1,200 வருசத்துக்கு முந்தி, சார்லமேன் ராசா காலத்துல, தோட்டக்காரன் தன் வீட்டுக் கூரை மேல இப்படி அடுக்கடுக்கா இலை விடுற செடி ஒண்ண வச்சிருக்கணும்னு உத்தரவே இருந்துச்சாம். இடி விழாதுன்னு நம்பிக்கை. அதுக்கு எவன் தெனமும் ஏணி போட்டு ஏறித் தண்ணி ஊத்தியிருப்பான்?

சரி, மூஞ்சியத் தூக்கி வைக்காத. நடுக்குருத்து இன்னும் கெட்டியா இருக்கு. அழுகுன இலையவும் வேரையும் கத்தி வச்சு வழிச்சு எறி. நாலஞ்சு நாளு நெழல்ல சும்மா போடு, வெட்டுன எடம் பொருக்குத் தட்டட்டும். அதுக்கு முந்தி நட்டியோ, மறுபடி கேதம்தான். கரிசல அள்ளிட்டு வந்துராத. அதுகிட்டப் போன தண்ணி, வட்டிக்காரன்கிட்டப் போன பத்திரம் மாதிரி, லேசுல வெளிய வராது. பருமணல் பாதி, செம்மண்ணு கொஞ்சம், மிச்சம் ஓட்டுச்சில்லும் செங்கல் பொடிசும்.

எப்பத் தண்ணி ஊத்தணும்னு காலண்டர்கிட்டக் கேக்காத. தீக்குச்சி எட்டாது, வெளக்கமாத்துல ஒரு ஈர்க்குச்சிய உருவி அடிவரைக்கும் குத்து. மண்ணு ஒட்டிக்கிட்டு வந்தா செம்பக் கீழ வையி. காஞ்சு வந்தா, அடி ஓட்டையில வடியிற வரைக்கும் ஊத்து. குருத்துல மட்டும் தேங்க விடாத. இலை மெலிஞ்சு சுருங்குனா அது தாகம், ஒரு செம்புல தீரும். கண்ணாடி மாதிரி ஊதிக் கொழகொழத்தா அது வெள்ளம், அதுக்குக் கத்திதான். ஐப்பசி கார்த்திகையில சாரல் படாம வை. சித்திரை வெயில்ல மொட்டமாடியில வச்சியோ, அப்பளம்தான். கெழக்குச் சன்னல்ல காலை வெயிலு போதும்.

என்ன, மாடத்தையே பாக்குற? அதுல இருக்கிறது உன் செடியோட பிள்ளைதான். மூணு மாசம் முந்தி நீ ஊத்துற ஊத்தப் பாத்து எனக்கு வயித்தக் கலக்குச்சு. நீ அசந்த நேரத்துல பக்கக்குட்டி ஒண்ணத் திருகி எடுத்துட்டேன். சட்டி எதுன்னு தெரியுதா? பழைய மண் புஸ்வாணக் கூடு. தலைகீழாக் கவுத்தி மண்ணு போட்டு நட்டேன். நெருப்புப் பீச்சுன வாயி இப்பத் தண்ணி வடியிற ஓட்டை. புதுசா ரெண்டு இலை விட்டிருக்கு. அப்பப்ப ஈர்க்குச்சி வச்சுப் பாத்தேன். மத்தபடி அது சோலியில நான் தலையிடல.

இந்தா, எடுத்துட்டுப் போ. செம்ப மட்டும் இங்க வச்சிட்டுப் போ.