21 மணி நேரத்தில் ஐந்திணை

ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கொண்டப்பநாயக்கன்பட்டி. திணைக் கணக்கில் குறிஞ்சியின் வாசற்படி. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்தல் என்பதைப் படித்தோ படிக்காமலோ, பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் புதுமணத் தம்பதிகள் இவ்வூர் வழியாகத்தான் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறுகிறார்கள். ஊர்க்காரர்களோ அதே மலைக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு காலையில் பஸ் ஏறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிடுவார்கள். அடிவாரத்தில் சொந்த வீட்டை வைத்துக்கொண்டு மலைமேல் வாடகைக்கு அறை எடுப்பவனைப் பற்றி ஊர் என்ன பேசும் என்பது தனி ஆய்வுக்குரியது. எனவே இவ்வூர்த் தம்பதி ஒரு நாள் தனியாக இருக்க விரும்பினால் வேறொரு நகரத்துக்குத்தான் போயாக வேண்டும்.

அப்படி விரும்பிய ஒரு தம்பதி, திருமணமாகி 25 ஆண்டு ஆனதை முன்னிட்டு, சிறியதும் சொகுசானதுமான ஒரு பூட்டிக் ஹோட்டலைத் தேர்ந்தெடுத்த வரலாறே இங்கு ஆராயப்படுகிறது. அவர்களைத் தலைவன், தலைவி என்றே இக்கட்டுரை குறிக்கும். அகத்தில் தலைமக்களின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது தொல்காப்பியர் விதி. சுட்டினால் அது புறமாகிவிடும். (தலைவி எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவர் என்பதும் ஒரு காரணம்.) இந்த விதியை வாசகர் மறக்க வேண்டாம். முடிபு முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது.

முதலில் பூட்டிக் ஹோட்டலின் தோற்றம். 1951இல் அமெரிக்காவில் கெம்மன்ஸ் வில்சன் என்பவர் குடும்பத்தோடு ஊர் சுற்றப் போனார். தங்கிய இடங்களில் குழந்தை ஒன்றுக்கு 2 டாலர் கூடுதலாகக் கேட்டார்கள். அவருக்குக் குழந்தைகள் ஐந்து. அந்தக் கோபத்தில் மறு ஆண்டே மெம்ஃபிஸ் நகரில் ஹாலிடே இன் தொடங்கினார். சேலத்தில் பிறந்திருக்க வேண்டியவர். அவருடைய வழியில் எந்த ஊரில் இறங்கினாலும் ஒரே மாதிரிக் கட்டில், ஒரே மாதிரித் திரைச்சீலை. பயணிக்கு முதலில் நிம்மதி, போகப்போகச் சலிப்பு. அந்தச் சலிப்பை 1984இல் நியூயார்க்கில் இயன் ஷ்ரேகரும் ஸ்டீவ் ரூபெல்லும் மார்கன்ஸ் ஹோட்டலைத் திறந்து காசாக்கினார்கள். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். அறைகள் குறைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம், வாசலிலேயே பெயர் சொல்லி வரவேற்பு. ஆக, ஊர் பேர் தெரியாத கூட்டத்தில் அலுத்துப்போனவனுக்கு, நம்மை நாலு பேருக்குத் தெரிந்திருக்கிறது என்பதே சொகுசு.

சொகுசு எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதில் தத்துவவாதிகள் மாறுபடலாம். இந்திய அரசுக்கு ஐயமே இல்லை. ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு (2025 செப்டம்பர் 22க்கு முன் 12). அதைத் தாண்டினால் 18. அதாவது 7,500 ரூபாய் அறைக்கு வரி 375 ரூபாய். 7,501 ரூபாய் அறைக்கு 1,350 ரூபாய் 18 காசு. நடுவில் உள்ள அந்த ஒரு ரூபாய்ச் சொகுசுக்கு வரி மட்டும் 975 ரூபாய் 18 காசு கூடுகிறது. தலைவன் இதைக் கண்டுபிடித்த இரவு சரியாகத் தூங்கவில்லை. காலையில் எழுந்ததும், "7,499க்கு எதாச்சும் இருக்கான்னு பாரு" என்றான்.

நகரம் புதுச்சேரி என்பதில் மட்டும் சண்டை வரவில்லை. ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் வழியே சுமார் 200 கி.மீ. தலைவியின் தோழி அஸ்தம்பட்டியில் இருக்கிறாள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, பிரம்பு நாற்காலி சகிதம் அவள் வைத்த வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில்தான் இந்தக் காதை தொடங்குகிறது. பாங்கனாகிய ஆபீஸ் நண்பன், மரபுப்படி இடித்துரைத்தான்: "பாண்டி போனா ரூம்ல யாரு சார் இருக்கப் போறா? பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ் போடுங்க, போதும்." தலைமக்களுக்கு இடையே தூது போகும் வாயில்களின் இடத்தில் இன்று முன்பதிவுச் செயலிகள் இருக்கின்றன. சங்க காலத்துப் பாணன் பரிசில் வாங்கியதைப்போல இவையும் கமிஷன் வாங்குகின்றன. ஒரே அறைக்கு மூன்று செயலியில் மூன்று விலை சொல்வதால், பாணனைவிட இவற்றை நம்புவது கடினம்.

அந்நகரில் கால்வாய்க்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி, மேற்கே தமிழர் பகுதி. கிழக்கே புஸ்ஸி வீதியில் பலே தெ மாஹே, 18 அறைகள். மேற்கே பெருமாள் கோயில் தெருவில் மேசோன் பெருமாள், பழைய தமிழ் வீடு, 10 அறைகள். தலைவிக்கு இரண்டாவது வகைமேல் கண்: முற்றம், தூண், திண்ணை. தலைவனோ இதையெல்லாம் பாட்டன் வீட்டிலேயே பார்த்தாயிற்று என்றான். மத்திய சுற்றுலா அமைச்சகம் 1950க்கு முன் கட்டியதையே பாரம்பரிய ஹோட்டல் என்று ஏற்கிறது. பாட்டன் வீடு அதற்கும் முந்தையது. அதை இடித்துவிட்டு மொசைக் தரை போட்டது யார் என்ற பேச்சை மாமனார் ஹாலில் உட்கார்ந்திருந்ததால் யாரும் எடுக்கவில்லை.

இனிப் பொழுது. சேலம் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள லாட்ஜுகளில் இன்றும் பலவற்றில் 24 மணிக் கணக்குதான். ராத்திரி பதினொன்றுக்கு நுழைந்தால் மறுநாள் ராத்திரி பதினொன்று வரை அறை உங்களுடையது. சொகுசு ஹோட்டலில் பிற்பகல் 2 மணிக்கு நுழைந்து மறுநாள் 11 மணிக்குக் காலி செய்ய வேண்டும். 21 மணி நேரம். மிச்சம் 3 மணி எங்கே போகிறது என்று தலைவன் போனில் கேட்டதற்கு, "ரூம் க்ளீன் பண்ணணும் சார்" என்றார்கள். "அதுக்கும் நாந்தான் காசு குடுக்கறனா?" என்று கேட்டிருக்கிறான். இந்த 21 மணியைப் பள்ளிப் பாடநூல் தரும் சிறுபொழுது அட்டவணையோடு வைத்துப் பார்த்தபோதுதான் இந்த ஆய்வாளனுக்குப் புல்லரித்தது. 2 மணிக்குத் தொடங்குவது எற்பாடு, நெய்தலுக்கு உரிய பொழுது. நிலமும் கடற்கரையேதான். உரிப்பொருள் இரங்கல். படத்தில் மைதானம்போலத் தெரிந்த அறை நேரில் கட்டிலளவே இருப்பதைத் தம்பதிகள் காண்பது சரியாக இப்போதுதான். ஆறு மணிக்கு முல்லைக்குரிய மாலை, இருத்தல்: கடற்கரைச் சாலையில் வண்டி விடமாட்டார்கள் என்பதால், காரை எங்கோ நிறுத்தப் போன தலைவனுக்காகத் தலைவி காந்தி சிலையருகே காத்திருப்பாள். பத்து மணிக்கு யாமம், குறிஞ்சி. ஆசிரியர் குழுவின் வேண்டுகோள்படி மேலே செல்கிறோம்.

இரண்டு மணிக்கு வைகறை, மருதம், ஊடல். இதற்குப் பரத்தை யாரும் தேவையில்லை, ஏ.சி. ரிமோட் போதும். தலைவனுக்கு 18, தலைவிக்கு 26. நடுவில் 22 என்ற எண் உண்டு என்று இதுவரை எந்தத் தம்பதியும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்து வரும் காலை ஆறு முதல் பத்துவரை, பாடநூல் அட்டவணையில் எந்தத் திணைக்கும் உரிமையாக்கப்படவில்லை. (தொல்காப்பியர் விடியலையும் மருதத்துக்கே கொடுத்துவிட்டார் என்று பண்டிதர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.) அந்த நான்கு மணி நேரத்தைப் பாடநூல் ஏன் காலியாக விட்டது என்பது இன்று விளங்குகிறது: வாடகையோடு சேர்ந்த இலவசக் காலைச் சிற்றுண்டியின் நேரம் அது. அங்கே காதலும் இல்லை, ஊடலும் இல்லை. கொடுத்த காசுக்குச் சாப்பிடுவது மட்டுமே. பத்து மணிக்கு மேல் நண்பகல், பாலை, பிரிவு. பதினொன்றுக்குக் கதவைத் தட்டுகிறார்கள்.

இதெல்லாம் பொருந்திவர, ஒன்று மட்டும் உறுத்தியது. தம்பதி ஊரைவிட்டுப் போவது எதற்கு? கொண்டப்பநாயக்கன்பட்டியில் தெருமுனைக்குப் போனாலே, "எங்க, ரெண்டு பேரும் சேந்து கிளம்பிட்டீங்க?" என்று நாலு திண்ணையிலிருந்து கேள்வி வரும். அலர் என்று இலக்கணம் சொல்வது இதைத்தான். அதற்குத் தப்பித்து ஓடும் இருவர், பத்தே அறையுள்ள விடுதியில் போய் நிற்கிறார்கள். அங்கே மேலாளர் செவிலித்தாயாக மாறி, வாசலிலேயே பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார். ராத்திரி தூக்கம் வந்ததா என்கிறார். நேற்று மீன் சரியாகச் சாப்பிடவில்லையே என்கிறார். பக்கத்து மேசைக்காரர் எந்த ஊர் என்கிறார். நூறு அறை உள்ள லாட்ஜில் இவர்கள் வெறும் முந்நூற்று நாலு; பெயர் வரவேற்பு மேசையில் உள்ள பதிவேட்டோடு முடிந்துபோகும். எனவே பெயர் சுட்டாத இடமே அகம் என்ற தொல்காப்பிய விதிப்படி லாட்ஜே அகம். பூட்டிக் ஹோட்டல் தெள்ளத் தெளிவாகப் புறம். நியூயார்க்குக்காரனுக்குப் பக்கத்து வீட்டுக்காரன் பெயர் தெரியாது. அவன் இதற்குக் காசு கொடுப்பதில் நியாயம் உண்டு. நம் தலைமக்களோ சொந்தத் தெருவில் இலவசமாகக் கிடைக்கும் விசாரிப்பை வரியும் கட்டி வாங்குகிறார்கள்.

இம்முடிபைத் தலைவியிடம் எடுத்துரைத்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "லாட்ஜ்ல ஊஞ்சல் இருக்குமாண்ணா?" என்றாள். ஆய்வு முறையியலில் இக்கேள்விக்கு இடமில்லை. அன்று மாலையே ஊஞ்சல் உள்ள இடத்தில் 7,499க்கு ஒரு அறை பதிவானது.

மறுநாள் அந்த ஹோட்டலிலிருந்து போன். தலைவன் ஸ்பீக்கரில் போட்டான்.

"சார், எந்த ஊர்ல இருந்து வர்றீங்க?"

"சேலம்."

"சேலத்துல எங்கங்க சார்?"

"கொண்டப்பநாயக்கன்பட்டி."

"அட, எங்க சின்னம்மா பொண்ணைக் கோரிமேட்டுலதான் சார் குடுத்திருக்கு! இந்தப் பாண்டி கோரிமேடு இல்ல, உங்க சேலம் கோரிமேடு. ஏற்காடு ரோட்லயே, உங்களுக்கு முன்னாடி ஸ்டாப்பு. அது கிட்டச் சொல்லிர்றேன் சார், நம்ம ஊருக்காரங்க வர்றாங்கன்னு."

இலவசமாக ரத்து செய்ய அன்று நள்ளிரவுவரை நேரம் இருந்தது. தலைவன் தலைவியைப் பார்த்தான். அவள் ஒரு நிமிடம் யோசித்தாள்.

"ஏங்க, அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. இனி சும்மா போனா நல்லாருக்காது. அவங்க அண்ணனுக்கு எதாச்சும் குடுத்து அனுப்பணுமான்னு கேட்டுட்டு வந்துருங்க."